24 மல்லாட்டை, ஒரே பட்டை

2004, ஆடி மாதம். இருட்டறையில் யுவி விளக்கைப் போட்டு அதன்மேல், டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லை வைத்தேன். ஆரஞ்சு நிறத்தில் பட்டைகள் எழுந்தன. 24 குழிகளில், ஊர் ஊராக நான் சேர்த்து வந்த 24 மல்லாட்டை (வேர்க்கடலை) விதைகளின் டிஎன்ஏ. இடமிருந்து வலமாகப் பார்த்தேன், பிறகு வலமிருந்து இடமாக. எல்லாக் குழிக்கும் கீழே அதே ஆறு பட்டைகள், அதே உயரத்தில், கோடு போட்டு வைத்ததுபோல. ஒன்றுகூட ஏறவில்லை, இறங்கவில்லை, விடுபடவில்லை.

ஒரே குழாயிலிருந்து 24 குழிக்கும் ஊற்றிவிட்டோமோ என்றுதான் முதலில் தோன்றியது. மறுநாள் புதிதாக இலை பறித்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். முளைத்துப் பத்து நாளான செடியின் விரியாத கொழுந்துதான் வேண்டும். முற்றிய இலையில் பிசுபிசுப்பு அதிகம், டிஎன்ஏ பழுப்பேறிவிடும். கொழுந்தைக் கல்வத்தில் போட்டுத் திரவ நைட்ரஜன் ஊற்றினால் புகை அடங்குவதற்குள் கண்ணாடிபோல் நொறுங்கும். அந்தப் பச்சை மாவு இளகுவதற்குள், டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் சிடிஏபி கரைசலுக்கு மாற்றி, 65 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்து, குளோரோபார்ம் சேர்த்துச் சுற்றவிட்டு, மேலே தெளிந்து நிற்பதை மட்டும் அலுங்காமல் எடுக்க வேண்டும். கடைசியில் குளிர்ந்த ஐசோபுரொப்பனால். குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தும்போது, ஒன்றுமில்லாத இடத்தில் நனைந்த பஞ்சுத் திரிபோல ஒரு வெள்ளை நூல் சுருண்டு வரும், அதுதான் டிஎன்ஏ. எத்தனையோ நூறு முறை பார்த்துவிட்டேன், இன்றும் அந்த நொடியில் கை நின்றுவிடும்.

நூல் வந்தது. டிஎன்ஏ துண்டுகளை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் ஓடியது. ஜெல்லில் மறுபடியும் அதே ஆறு பட்டைகள். நகலெடுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரை மாற்றினேன். எங்கே ஒட்டும் என்று முன்கூட்டித் தெரியாத 20 ஆர்ஏபிடி பிரைமர்கள் போட்டுப் பார்த்தேன். இரண்டில் மட்டும் ஏதோ மங்கலாக வேறுபட்டது. திரும்பப் போட்டபோது அதுவும் காணாமல் போனது.

அந்த 24 விதைகளையும் நான் எப்படிச் சேர்த்தேன் என்று சொன்னால்தான் என் கலக்கம் புரியும். எங்கள் பண்ருட்டிப் பக்கத்தில் வேர்க்கடலை என்று யாரும் சொல்வதில்லை. மணிலாக்கொட்டை மல்லாக்கொட்டையாகி, அது மல்லாட்டையாகிவிட்டது. முதுகலை ஆய்வுக்காக விருத்தாசலம், திண்டிவனம், விழுப்புரம் என்று பஸ் ஏறி இறங்கி, வீட்டில் தனியாக எடுத்து வைத்த விதை இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு வாங்கினேன். கண்ணுக்கு அவ்வளவும் வேறு வேறு. கொத்தாக நிற்பது, கொடியாகப் படர்வது, செந்தோல், வெளிர்த்தோல், இடுப்புச் சிறுத்த காய், மூக்கு நீண்ட காய், மூன்று பருப்புக் காய். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. என் பெரியம்மா மட்டும் இரண்டு பானை வைத்திருந்தார். ஒன்று அவர் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தது, இன்னொன்று இந்த ஊரில் வாங்கியது. இரண்டும் கொத்து ரகம், இரண்டுக்கும் வெளிர்த்தோல். நான் எவ்வளவு உற்றுப் பார்த்தும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. “மழ ஏமாத்துன வருசத்துல பாத்தினா தெரியும் பாப்பா. இது வாடி நிக்கும், அது தலய நிமித்தி நிக்கும்” என்றார்.

ஜெல்லில் அந்த இரண்டும் ஒன்று. அந்த இரண்டு மட்டுமல்ல, கொடியும் கொத்தும்கூட ஒன்று.

நூலகத்தில் பழைய இதழ்களைப் புரட்டியபோதுதான் மூச்சு வந்தது. 1991லேயே அமெரிக்காவில் இதே வேலையைச் செய்திருந்தார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து வந்த பயிர்க்கடலைகளை ஆர்எஃப்எல்பி, ஆர்ஏபிடி என்ற இரண்டு டிஎன்ஏ சோதனைகளிலும் பார்த்தால் வேறுபாடு என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. டிஎன்ஏவில் வேறுபாட்டைக் காட்டும் அதே அடையாளங்களை, அதாவது மார்க்கரை, காட்டுக்கடலைகளில் போட்டால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஆக மார்க்கரில் பழுதில்லை, என் கையிலும் பழுதில்லை. பயிரே அப்படித்தான். நான் தோல்வி என்று நினைத்து அழித்துப் புகைப்படம்கூட எடுக்காமல் விட்ட அந்த முதல் ஜெல்தான் என் ஆய்வின் ஒரே பெரிய செய்தி.

ஏன் இப்படி? கடலையின் பிறப்பிலேயே விடை இருக்கிறது. கடலை சேர்ந்த அராக்கிஸ் பேரினத்தில் 80க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு, எல்லாவற்றுக்கும் தாய்மண் தென்னமெரிக்கா. அவற்றில் மிகப் பெரும்பாலானவை 20 குரோமோசோம் கொண்டவை. அராக்கிஸ் டுரானென்சிஸ் ஒன்று, அராக்கிஸ் இபாயென்சிஸ் இன்னொன்று. இவை இரண்டும் எப்போதோ ஒருமுறை கலந்து, குரோமோசோம் இரட்டித்து, 40 குரோமோசோமோடு ஒரு செடி பிறந்தது. நாம் கொறிக்கும் கடலை அதன் வாரிசு. 20 உள்ள சொந்தங்களோடு 40 உள்ள செடி கலந்தால் பிறக்கும் பிள்ளை மலடு. போதாததற்குக் கடலை தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து காய்ப்பது. வெளியிலிருந்து புது ரத்தம் வர வழியே இல்லை. உலகத்துக் கடலைக் கொல்லை முழுவதும் ஒரே வாசல் வழியாக உள்ளே வந்த ஒரு குடும்பம்.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்த விஷயம் ஒன்று உண்டு. கடலையின் பூ மேலே பூக்கும், விழுது கீழே இறங்கி மண்ணுக்குள் காய்க்கும். காட்டுக்கடலையின் விதையைக் காற்றோ பறவையோ தூக்கிப்போக முடியாது. தானாக நகர்ந்தால் ஆண்டுக்கு ஒரு மீட்டர்தான். அப்படியிருக்க இபாயென்சிஸ், தன் இனத்தவர் வாழும் பகுதியை விட்டு வெகுதூரத்தில், பொலிவியாவில் இபா என்ற ஊரையொட்டி, டுரானென்சிஸ் வளரும் பகுதிக்கு அருகில் எப்படி வந்தது? 2016ல் இந்த இரண்டு காட்டுச் செடிகளின் மரபணுத்தொகுப்பையும் முழுமையாகப் படித்து வெளியிட்டார்கள். இபாவில் சேகரித்த செடியின் டிஎன்ஏவும், பயிர்க்கடலைக்குள் இருக்கும் அந்தப் பாதியின் டிஎன்ஏவும் 99.96 சதவீதம் ஒன்று. வேறுபட்ட எழுத்துகளை வைத்துக் காலத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 9,400 ஆண்டுகள் வருகிறது. அவ்வளவு பழங்காலத்தில் யாரோ ஒருவர் மடியில் முடிந்துகொண்டு போன கடலை அது என்பதே ஆய்வாளர்கள் கண்ட விளக்கம். உழவு பரவாத காலத்து மனிதர்கள், தின்பதற்கும் நடுவதற்கும் கொண்டுபோனது.

மணிலாக்கொட்டை என்ற பெயரும் அப்படி ஒரு மடியின் ஞாபகம்தான். தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்து ஒரு கிளை ஆப்பிரிக்காவுக்கும், ஒரு கிளை பிலிப்பைன்ஸ் வழியாகக் கிழக்காசியாவுக்கும் போனது. நம் கரைக்கு வந்த விதையில் ஒரு பங்காவது மணிலாப் பக்கத்துச் சரக்கு என்று ஊர்ச்சொல் சொல்கிறது. பின்னால் வந்தவற்றின் வழியும் தெரிந்ததே. 1940ல் வந்த டிஎம்வி 1, மேற்கு ஆப்பிரிக்காவின் சாலூம் விதையிலிருந்து தேர்ந்தெடுத்தது. டிஎம்வி 7, டென்னசி ஒயிட் என்ற அமெரிக்கக் கடலையிலிருந்து வந்தது. டிஎம்வி 2 மட்டும் குடியாத்தம் கொத்துக்கடலையில் பொறுக்கியது, அதற்கு முன்பே இங்கே வேரூன்றிய விதை. டிஎம்வி என்றால் திண்டிவனம். ஊர்ப்பெயரோடு அழைப்பதால் இவை மண்ணின் விதைகள் என்று நினைத்துக்கொள்கிறோம். நினைப்பதில் தப்பில்லை, ஆனால் பெயர் எண்ணிக்கை வேறு, மரபு வேறுபாடு வேறு. 24 பெயர் இருப்பதால் 24 விதமான மரபு இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டு போனதுதான் முதல் பிழை.

அப்படியானால் கண்ணுக்குத் தெரியும் அந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைப் பெரியம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. 2019ல்தான் வந்தது. டுரானென்சிஸையும் இபாயென்சிஸையும் பிரேசிலில் மறுபடியும் கலந்து, குரோமோசோமை இரட்டித்து, புதிதாக ஒரு நாற்பதுக் குரோமோசோம் செடியை உருவாக்கியிருந்தார்கள். சில தலைமுறை போனதும், கலப்பே செய்யாத அந்தச் செடியின் வாரிசுகளில் சிலவற்றில் மஞ்சளும் சிலவற்றில் ஆரஞ்சுமாகப் பூ பூத்தது. பார்த்தால், டுரானென்சிஸ் பாதியின் ஒரு துண்டு இருக்க வேண்டிய இடத்தில் இபாயென்சிஸ் துண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது, சிலதில் தலைகீழாக. ஒரே வீட்டுக்குள் இரண்டு ஓரகத்திகள் பாத்திரத்தை மாற்றி வைத்துக்கொள்வதுபோல. வெளியிலிருந்து எதுவும் வராமலே கடலை தனக்குள் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். 24 காய்களும் கண்முன் வந்தன.

இந்த இரட்டைப் பாதிதான் கடலையில் மார்க்கர் வேலை செய்பவர்களுக்குப் பெரிய கண்ணியும். முதுகலை முடிந்து சில ஆண்டு கழித்து வேறோர் ஆய்வகத்தில் எஸ்எஸ்ஆர் மார்க்கர்களோடு இதே விதைகளுக்குத் திரும்பினேன். டிஎன்ஏவில் சில இடங்களில் ஏடி ஏடி ஏடி என்றோ ஜிஏ ஜிஏ ஜிஏ என்றோ திக்குவாய் மாதிரி எழுத்து திரும்பத் திரும்ப வரும். நகலெடுக்கும்போது அங்கே எளிதில் சறுக்கும். ஒரு செடியில் 12 முறை, இன்னொன்றில் 15 முறை. மற்ற இடமெல்லாம் ஒன்றாக இருக்கும் பயிரிலும் இங்கே வேறுபாடு பிடிபடும். 1999ல் கடலையில் முதன்முதலாக எஸ்எஸ்ஆர் செய்தவர்களுக்கே வேறுபாடு காட்டியவை ஆறுதான். பிறகு ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன. ஆனால் பிரைமர் டுரானென்சிஸ் பாதியிலும் ஒட்டும், இபாயென்சிஸ் பாதியிலும் ஒட்டும். ஜெல்லில் இரண்டு பட்டை வரும். புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்து, இந்தச் செடி கலப்பு, தாயிடமிருந்து ஒன்று தந்தையிடமிருந்து ஒன்று என்று எழுதிவிடுவார்கள். அது கலப்பே இல்லை, எல்லாக் கடலையிலும் நிலையாக இருக்கும் இரண்டு பாதிகளின் பட்டைகள். 2017ல் வந்த, ஓர் எழுத்து மட்டும் மாறும் 58,000 இடங்களை (எஸ்என்பி) ஒரே தடவையில் பார்க்கும் சில்லிலும் இதே எச்சரிக்கை வேண்டும். தொழில்நுட்பம் பெரிதானாலும் செடி அதேதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனத்தில் வெகுநாளாகக் கிடக்கிறது. 50 பிரைமர் போட்டு, 45ல் வேறுபாடு வராவிட்டால் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, மீதி ஐந்தை மட்டும், பட்டை இருந்தால் ஒன்று இல்லாவிட்டால் பூஜ்யம் என்று எழுதி, எது எதற்கு நெருக்கம் என்று காட்டும் கிளைவரைபடம் போட்டு, இந்த ரகங்கள் நான்கு குழுவாகப் பிரிகின்றன என்று முடிக்கும் ஆய்வேடுகள் ஏராளம். மென்பொருள் எதைக் கொடுத்தாலும் மரம் வரைந்து தரும். அந்த மரத்தைப் பார்ப்பவர்கள் கிளைகளுக்கு இடையே பெரிய தூரம் இருப்பதாக நினைப்பார்கள். விட்டுவிட்ட 45ம் சேர்ந்துதானே உண்மை? எள்ளிலோ சூரியகாந்தியிலோ இதைச் செய்தாலும் தவறுதான், ஆனால் கடலையில் அது கதையையே தலைகீழாக்கிவிடும். பயிர்நிலைமை சரியில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில், வளம் நிறைய இருக்கிறது என்று சொன்னதாகிவிடும்.

நிலைமை ஏன் சரியில்லை என்பது ஐப்பசி மழையில் நிற்கும் கொல்லைக்குத் தெரியும். டிக்கா என்ற இலைப்புள்ளி நோயும் துரு நோயும் சேர்ந்து விழுந்தால் அறுபது எழுபது நாளில் இலை கொட்டி, குச்சி மட்டும் நிற்கும். பிடுங்கினால் பொக்கு. பழைய ரகங்களில் எதுவும் இதற்குப் பெரிதாகத் தாக்குப்பிடிக்காது. எல்லாம் ஒரு குடும்பம் என்றால் குடும்பத்துக்கே ஆகாத நோய் எல்லோருக்கும் ஆகாது. எதிர்ப்பு இருந்த இடம் காடு. பொலிவியாவில் கிரிகரி, கிராப்போவிக்காஸ், பியெத்ரரெல்லி மூவரும் சேகரித்த அராக்கிஸ் கார்டெனாசி செடி ஒன்று, அவர்கள் பெயரின் முதலெழுத்துகளோடு ஜிகேபி 10017 என்று எண்ணிடப்பட்டது. 1960களில் வட கரோலினாவில் அதைப் பயிர்க்கடலையோடு கலந்தார்கள். பிறந்த பிள்ளை, எதிர்பார்த்ததுபோல, மலடு. கால்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்துக் குரோமோசோமை இரட்டித்து, மீண்டும் மீண்டும் கடலையோடே சேர்த்து, மிகுதிக் குரோமோசோம்கள் உதிர்ந்து 40 மட்டும் நிற்கும்வரை பல தலைமுறை பொறுத்திருந்தார்கள். அந்த வழித்தோன்றல்கள் பல நாடுகளுக்குப் போயின, ஐதராபாத் அருகே பட்டஞ்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனத்துக்கும் வந்தன. அங்கிருந்து வந்த ஒரு வரிசையைப் பெற்றோராக வைத்துத் கர்நாடகத்தின் தார்வாடில் உருவாக்கியதுதான் ஜிபிபிடி 4 ரகம். துருவும் வராது, இலைப்புள்ளியும் குறைவு. அதில் கார்டெனாசியின் துண்டு எந்தக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது என்று மார்க்கர் வைத்துக் கண்டுபிடித்து, அந்தத் துண்டை மட்டும் டிஏஜி 24, ஜேஎல் 24 போன்ற ரகங்களுக்குள் மாற்றவும் செய்தார்கள்.

2021ல் ஒரு குழு, உலகெங்கும் உள்ள கடலை ரகங்களில் இந்தத் துண்டுகளைத் தேடியது. அந்த ஒற்றைச் செடியின் டிஎன்ஏ 30 நாடுகளின் ரகங்களில் கிடந்தது. பலருக்குத் தங்கள் ரகத்தில் அது இருப்பதே தெரியாது. மார்க்கர் இல்லாவிட்டால் அந்த வம்சாவளி யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

இக்ரிசாட் மரபுவங்கியில் 15,000க்கும் மேற்பட்ட கடலை விதைத்தொகுப்புகள் இருக்கின்றன. அத்தனையையும் எந்த விஞ்ஞானியாலும் ஒரு பருவத்தில் விதைத்துப் பார்க்க முடியாது. அதனால் முதலில் 1,704, அதிலிருந்து 184 என்று வடிகட்டி ஒரு சிறுதொகுப்பு வைத்திருக்கிறார்கள். நோயோ வறட்சியோ, முதலில் அந்த 184ல் தேடுவார்கள். ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அது பெரும்பொருள் ஆகலாம் என்பதற்கு எண்ணெயே சாட்சி. கடலை எண்ணெயில் ஒலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் சாதாரணமாகப் பாதி அளவில் இருக்கும். எஃப்ஏடி2 என்ற மரபணுவின் இரண்டு நகல்களில், ஒன்றில் ஓர் எழுத்து மாறி, மற்றதில் ஓர் எழுத்து கூடுதலாக நுழைந்துவிட்ட ஒரு கடலை புளோரிடாவில் அகப்பட்டது, 1987ல் அறிவித்தார்கள். அதில் ஒலிக் அமிலம் 80 சதவீதம். எண்ணெய் எளிதில் சிக்கு வாடை அடிக்காது. அந்த இரண்டு எழுத்துகளையும் மார்க்கரால் பின்தொடர்ந்து வந்தவைதான் நம் நாட்டில் 2020ல் வெளியான கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்கள். காயைப் பார்த்தோ செடியைப் பார்த்தோ யாராலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

நான் இழந்ததையும் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது ஆய்வகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு உறைபெட்டி நின்றுபோனது. குழாய்களை அவசரமாக வேறொன்றுக்கு மாற்றினோம். ஆல்கஹால் சிந்திய தட்டில், மார்க்கர் பேனாவால் எழுதியிருந்த எண்கள் கரைந்து நீலமாக ஓடின. நான்கு குழாய்களின் பெயர் போயிற்று. மூன்றுக்குத் திரும்ப விதை கேட்டு வாங்கினேன். நான்காவது விக்கிரவாண்டி தாண்டி ஒரு சின்ன ஊரில், மூன்று பருப்புக் காய் வைத்திருந்த பெரியவருடையது. நான் போனபோது அவர் இறந்து இரண்டு வருடம். கொல்லையில் மனை போட்டுக் கல் நட்டிருந்தார்கள். மகன் வீட்டுக்குள் அழைத்துத் தண்ணீர் கொடுத்தார். “அப்பா வச்ச வெதையா? அது எங்க இருக்கப் போவுது, அந்த வருசமே வறுத்துத் தின்னுட்டோம்” என்றார். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. எழுதியது நான்.

எஸ்எஸ்ஆரில் பெரியம்மாவின் இரண்டு விதைகள் என்ன ஆயின? 40 ஜோடி பிரைமரில் 39ல் இரண்டும் ஒன்று. ஒன்றில் மட்டும், வெள்ளி நைட்ரேட் சாயம் ஏற்றிய பாலிஅக்ரிலமைடு ஜெல்லில், ஒரு பட்டை மயிரிழை மேலே நின்றது. மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் அங்கேயே நின்றது. போனில் சொன்னேன். “அதத்தான நான் அப்பவே சொன்னன்” என்றார், வேறெதுவும் கேட்கவில்லை. அந்தப் பட்டைக்கும் வறட்சி தாங்குவதற்கும் தொடர்பு இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. மார்க்கர் தெருவும் கதவு எண்ணும் மாதிரி, வீட்டுக்குள் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று அது சொல்லாது. அதற்கு மழை ஏமாற்றிய வருடங்களில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்துப் பார்த்தவரின் சொல் வேண்டும். அவர் நாற்பது வருடம் பார்த்திருக்கிறார். நான் பார்த்தது ஒரு பட்டை.

போன மாசியில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் முழுக்க இப்போது கதிரி 1812 ரகம்தான். காய் நிறையப் பிடிக்கிறது, விற்பனைக் கூடக் கமிட்டியில் மூட்டை எடை நிற்கிறது, யார் வேண்டாம் என்பார்கள்? பெரியம்மாவும் அதையே போட்டிருந்தார். திண்ணையில் உட்கார்ந்து எல்லோரும் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

“பழசு இருக்கா பெரிம்மா?”

“வரப்பு ஓரமா ரெண்டு சால் போட்டன். அதுல ஒண்ணு இதுல ஒண்ணு. யாரு கேக்கப் போறான்னுதான் நெனச்சன்.”

உள்ளே போய் இரண்டு துணி முடிச்சு எடுத்து வந்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு கைப்பிடி, தோலோடு. நான் பையிலிருந்து காடாத்துணிப் பைகளையும் அட்டைத் துண்டுகளையும் எடுத்தேன். ஊர், தேதி, அவர் பெயர், அவர் அம்மா ஊரின் பெயர், மழை ஏமாற்றிய வருடத்தில் எது எப்படி நின்றது என்று அவர் சொன்ன வாக்கியம். பைக்குள் ஓர் அட்டை, பைக்கு வெளியே ஓர் அட்டை.

“பேனா இல்லியா உங்கிட்ட?” என்றார்.

“பென்சில்தான் பெரிம்மா அழியாது” என்று சொல்லிவிட்டு, முனையை இன்னொரு முறை சீவிக்கொண்டேன்.